கரும்பு நிலையமா, ஊர் ஊராகக் கணக்கெடுப்பா, கோயில்காடா, கம்பெனி வயலா? பயிர் நோய் ஆய்வில் பருவகாலக் களப்பணி தேடுவோருக்கு ஓர் ஒப்பீடு

ஆடி மாதம் தொடங்கி தை வரை கடலூர், புதுச்சேரி வட்டாரத்தில் பயிர் நோய் ஆய்வுக்குக் களப் பணியாளர் தேவைப்படும் காலம். தாவரவியல் படித்தவர்களும் வேளாண் பட்டயம் முடித்தவர்களும் நான்கு, ஐந்து மாத வேலையாக இதற்கு வருகிறார்கள். அவர்களில் பலர் கையில் இரண்டு வாய்ப்புகளை வைத்துக்கொண்டு எதை விடுவது, எதைப் பிடிப்பது என்று கேட்கிறார்கள். சம்பளம் அதிகமாகப் போட்டிருப்பதை எடுத்துக்கொண்டு மூன்றாம் மாதமே விலகிவிடுபவர்களும் உண்டு. அறிவிப்பில் போட்டிருக்கும் தொகையைப் பார்த்து மட்டும் முடிவு செய்தால் பெரும்பாலும் தவறாகத்தான் போகும். கையில் எவ்வளவு மிஞ்சும், எந்தப் பயிரின் நோயில் கண் பழகும், கடைசியில் சான்றிதழில் என்ன எழுதித் தருவார்கள் என்ற மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இங்கே கிடைக்கும் வேலைகளை நான்காகப் பிரிக்கலாம். ஒன்று, அரசு ஆராய்ச்சி நிலையத்துச் சோதனை வயல்: கடலூர் கரும்பு ஆராய்ச்சி நிலையம், விருத்தாசலம் மண்டல ஆராய்ச்சி நிலையம், புதுச்சேரி குரும்பாபேட்டில் உள்ள பெருந்தலைவர் காமராஜர் வேளாண் அறிவியல் நிலையம் போன்றவை. இரண்டு, அண்ணாமலைப் பல்கலைக்கழக வேளாண் புலம் போன்ற இடங்களின் ஆய்வுத் திட்டங்களுக்காக ஊர் ஊராகச் சென்று நோய்க் கணக்கெடுப்பது. மூன்று, கோயில்காடுகளிலும் பிச்சாவரம் அலையாத்திக் காட்டிலும் இயற்கைத் தாவரங்களின் நோயைப் பின்தொடர்வது. நான்கு, தனியார் மருந்து, விதை நிறுவனங்களின் சோதனை வயல்.

## எதை வைத்து எடைபோடுவது

கையில் நிற்கும் தொகை. மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை 2020-ல் வெளியிட்ட விதிப்படி, அதன் நிதியில் நடக்கும் திட்டத்தில் களப் பணியாளருக்கு மாதம் 18,000 ரூபாய், அத்துடன் வீட்டு வாடகைப் படி. அறிவிப்பு எந்த ஆண்டு விதியைப் பின்பற்றுகிறது என்று முதலில் பாருங்கள். வாடகைப் படி பணியிடத்தைப் பொறுத்தது. மத்திய அரசின் வாடகைப் படிப் பட்டியலில் புதுச்சேரி ஒய் வகை நகரம், கடலூர் அதைவிடக் குறைந்த படி தரும் இசட் வகை. ஆகவே ஒரே பதவிக்கு இரண்டு ஊரிலும் ஒரே தொகை வராது. நிலையங்களில் தினக்கூலிக் கணக்கும் உண்டு. அதில் வேலைக்கு வந்த நாளுக்குத்தான் பணம்.

பயணச் செலவு யாருடையது. இதைத்தான் கேட்க மறக்கிறார்கள். கடலூரிலிருந்து விருத்தாசலம் ஒரு வழிக்குச் சுமார் 60 கிலோமீட்டர். போய்வர 120. லிட்டருக்கு 45 கிலோமீட்டர் கொடுக்கும் வண்டிக்கு ஒரு நாளைக்கு 2.7 லிட்டர் பெட்ரோல். மாதம் 20 நாள் என்றால் 53 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தாலும் 5,300 ரூபாய் வண்டியிலேயே போய்விடும். 18,000 என்பது 12,700 ஆகிவிடும். இதில் டயர், ஆயில், மழையில் செயின் துருப்பிடிப்பது எதுவும் சேரவில்லை.

மழை நாள். இந்த வட்டாரத்தின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டிவிடுகிறது. நெல் குலை நோயும் இலையுறை கருகலும் தலைதூக்குவதும் அதே மாதங்களில்தான். ஆகவே வேலை அதிகமாக இருக்கும் வாரமும் வயலுக்குள் போக முடியாத வாரமும் ஒன்றாக வரும். அந்த நாட்களுக்குச் சம்பளம் உண்டா என்பது தனிக் கேள்வி.

கண் எதில் பழகும். ஒரு பருவம் முழுக்க ஒரே நோயைப் பார்த்தவருக்கு அந்த நோய் எந்த நிலையில் இருந்தாலும் தெரியும். பத்துப் பயிர் பார்த்தவருக்கு எதை எதோடு குழப்பிக்கொள்வோம் என்பது தெரியும். இரண்டும் வெவ்வேறு திறமை. எது உங்களுக்குத் தேவை என்பது அடுத்து என்ன படிக்கப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

உடம்பும் பாதுகாப்பும். கழிப்பறை, துணைக்கு ஆள், பூச்சிமருந்து, காய்ச்சல். இவற்றைக் கடைசியாக எழுதியிருந்தாலும் பலர் வேலையை விடுவது இவற்றால்தான்.

காகிதம். பதவிப் பெயர், அனுபவச் சான்று, சம்பளம் எத்தனை நாள் தாமதமாக வரும்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | ஆராய்ச்சி நிலையம் | ஊர் கணக்கெடுப்பு | கோயில்காடு, அலையாத்தி | தனியார் சோதனை |
|---|---|---|---|---|
| ஊதிய முறை | தினக்கூலி அல்லது மாதத் தொகை | மாதத் தொகை. திட்ட நிதி வந்த பிறகு | மாதத் தொகை | மாதச் சம்பளமும் பேட்டாவும் (தினப்படி). பெரும்பாலும் ஏஜென்சி வழி |
| பயணம் | ஒரே இடம் | மிக அதிகம் | வாரத்தில் சில நாள், தொலைவு | நடுத்தரம் |
| மழை நாள் | தினக்கூலியானால் இழப்பு | அறைக்குள் தரவு வேலை கிடைக்கும் | தளம் மூடப்படும் | தெளிப்பு தள்ளிப்போகும், நாள் நீளும் |
| பழகும் திறமை | ஒரு நோயில் ஆழம் | பல நோய், மாதிரி எடுப்பு | இனம் காணல், நீண்ட காலப் பதிவு | தெளிப்பு, சோதனை அமைப்பு |
| மறைந்திருக்கும் செலவு | சான்றில் பதவிப் பெயர் | பெட்ரோல், தாமதச் சம்பளம் | காய்ச்சல், அனுமதிக்காகக் காத்திருப்பு | மருந்து படுதல், விற்பனை வேலை |
| யாருக்கு | உள்ளூரில் இருப்பவர், மேற்படிப்பு நினைப்பவர் | வண்டி உள்ளவர், தரவு வேலை கற்க விரும்புபவர் | தாவரவியல் பட்டதாரி | உடனடி வருமானம் தேவைப்படுபவர் |

## ஆராய்ச்சி நிலையத்துச் சோதனை வயல்

கரும்பில் செவ்வழுகல் நோய்க்கு ரகங்களைச் சோதிக்கும் வேலைதான் இதில் பெயர்போனது. கோயமுத்தூர் கலப்பிலிருந்து கடலூரில் தேர்ந்தெடுத்த ரகங்களுக்கு கோ.சி என்ற முன்னெழுத்து உண்டு. கோ.சி 671 சர்க்கரைச் சத்தில் மிகச் சிறந்த ரகமாக இருந்தும் செவ்வழுகலிடம் தோற்றது. அதனால்தான் ஒரு ரகத்தை வெளியிடும் முன் நோய்ச் சோதனை இவ்வளவு கறாராக நடக்கிறது.

வேலை இப்படிப் போகும். ஏழு, எட்டு மாதக் கரும்பில் அடியிலிருந்து மூன்றாவது கணுவிடையின் நடுவில் துளையிட வேண்டும். ஒரு மில்லிலிட்டரில் செவ்வழுகல் பூஞ்சாணத்தின் சுமார் பத்து லட்சம் வித்துகள் (ஸ்போர்) உள்ள கரைசலை அரை மில்லிலிட்டர் விட்டு, பிளாஸ்டிசின் களிமண்ணால் அடைக்க வேண்டும். ஒரு ரகத்துக்கு 20 கரும்பு. 60 நாள் கழித்து வெட்டி, நெடுக்காகப் பிளந்து, மேல் சோகை காய்ந்திருக்கிறதா, சிவப்பு எவ்வளவு அகலம், அதற்குள் வெள்ளைத் திட்டு இருக்கிறதா, நோய் எத்தனை கணுவைத் தாண்டியிருக்கிறது என்று மதிப்பெண் போட வேண்டும். 0 முதல் 9 வரையுள்ள அளவில் சராசரி 2 வரை வந்தால் எதிர்ப்பு ரகம், 8-க்கு மேல் போனால் மிகவும் எளிதில் நோய் தாக்கும் ரகம். பிளந்த கரும்பில் புளித்த சாராய வாடை வரும். நான்கு நாளில் அந்த வாடையை வைத்தே நோயைச் சொல்லிவிட முடியும்.

தவறு எங்கே நடக்கும்? அடைப்பு சரியாக ஒட்டாவிட்டால் மழைநீர் இறங்கி வேறு அழுகல் சேர்ந்துகொள்ளும். மதிப்பெண் கூடிவிடும், நல்ல ரகம் வீணாகக் கழிந்துவிடும். காலையில் கலக்கிய வித்துக் கரைசலை வெயிலில் வைத்துவிட்டு மதியம் ஊற்றினால் நோயே வராது. அப்போது மோசமான ரகம் தேறிவிடும். இரண்டாவது தவறுதான் பெரிய ஆபத்து. ஏனென்றால் அந்த ரகம் உழவர் வயலுக்குப் போன பிறகுதான் தெரியும். கரைசல் பெட்டியில் நிழல் இருக்கிறதா என்று பார்ப்பது களப் பணியாளரின் வேலை. அதற்குத் தனியாக யாரும் வரமாட்டார்கள்.

விருத்தாசலத்தில் மணிலாவும் (நிலக்கடலை) முந்திரியும். வி.ஆர்.ஐ என்று தொடங்கும் ரகங்கள் அங்கிருந்து வந்தவை. ஆடிப்பட்ட மணிலாவில் டிக்கா இலைப்புள்ளியும் துருவும் செப்டம்பர், அக்டோபரில் ஏறும். நோய் எளிதில் பிடிக்கும் டி.எம்.வி 2 போன்ற ரகத்தை இடையிடையே வரிசையாக விதைத்து, அதிலிருந்து நோய் பரவவிட்டு மற்ற ரகங்களைப் பார்ப்பார்கள். முன்பருவப் புள்ளி இலையின் மேல்பக்கம் பழுப்பாக, மஞ்சள் வளையத்தோடு இருக்கும். பின்பருவப் புள்ளி அடிப்பக்கம் கறுப்பாக இருக்கும். இலையைத் திருப்பிப் பார்க்காமல் மதிப்பெண் போடுபவரின் தாளை நம்ப முடியாது.

நிலைய வேலையின் பெரிய நன்மை, ஒரே இடம், நேரம் தெரியும், கழிப்பறையும் குடிநீரும் இருக்கும், கேட்டால் சொல்லித் தர விஞ்ஞானி பக்கத்திலேயே இருப்பார். மறைந்த செலவு இரண்டு. ஒன்று, கரும்புச் சோகை கீறும் கை, கழுத்து. முழுக்கைச் சட்டையும் கையுறையும் நீங்களே வாங்க வேண்டியிருக்கும். இரண்டாவது இதைவிடப் பெரியது. தினக்கூலிப் பதிவேட்டில் பெயர் ஏறினால் களை எடுப்பவருக்கும் மதிப்பெண் போடுபவருக்கும் ஒரே பெயர்தான், 'கூலியாள்'. நான்கு மாதம் நோய் மதிப்பீடு செய்திருந்தும் சான்றிதழில் அது வராது. சேரும் அன்றே, எந்தச் சோதனையில் எந்த வேலை செய்தார் என்று பொறுப்பு விஞ்ஞானி கையெழுத்திட்ட கடிதம் தருவார்களா என்று கேளுங்கள். தருகிறேன் என்றால் தினக்கூலியும் சரிதான்.

## ஊர் ஊராக நோய்க் கணக்கெடுப்பு

நான்கில் அதிகம் கற்றுத்தருவதும் அதிகம் களைக்கவைப்பதும் இதுதான். புவனகிரி, காட்டுமன்னார்கோயில், குமராட்சி பக்கம் சம்பா நெல், பண்ருட்டி பக்கம் முந்திரி, பலா, பாகூர் பக்கம் நெல், கரும்பு என்று ஒரே வாரத்தில் மூன்று மண்ணைப் பார்க்கலாம். தை, மாசியில் நெல் தரிசு உளுந்தில் மஞ்சள் தேமல் நோயும் அதைப் பரப்பும் வெள்ளை ஈயும் வரும்.

ஒரு வயலில் செய்ய வேண்டியது பெரும்பாலும் இதுதான்: வரப்பிலிருந்து குறைந்தது இரண்டு மீட்டர் உள்ளே போய், மூலைவிட்டமாக அல்லது வளைந்து நடந்து ஐந்து இடம் தேர்ந்தெடுப்பது. ஒவ்வொரு இடத்திலும் பத்துக் குத்து நெல், அல்லது ஒரு சதுர மீட்டரில் உள்ள செடிகள். நோய் உள்ளவை எத்தனை என்று எண்ணினால் தாக்க விகிதம். ஒவ்வொன்றிலும் எவ்வளவு என்று மதிப்பெண் போட்டால் தீவிரம். இரண்டையும் ஒன்றாக எழுதிவிடுபவர்கள் நிறையப் பேர். நூறு செடியில் நூறிலும் ஒரே ஒரு புள்ளி என்றால் தாக்கம் நூறு சதவீதம், தீவிரம் மிகக் குறைவு.

நெல்லுக்கு சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் 0 முதல் 9 வரையுள்ள அளவுகோல்தான் நடைமுறை. இலையுறை கருகலில் நோய் செடியின் உயரத்தில் 20 சதவீதத்துக்குக் கீழே நின்றால் 1, 20 முதல் 30 வரை 3, 31 முதல் 45 வரை 5, 46 முதல் 65 வரை 7, அதற்கு மேல் 9. இதை அளவுகோல் வைத்து அளக்கலாம், சண்டை இல்லை. குலை நோயில் இலைப்பரப்பைக் கண்ணால் மதிப்பிட வேண்டும். அங்கேதான் ஆளுக்கு ஆள் மாறும். 10 சதவீதம் நோய் பிடித்த இலையைப் புதியவர்கள் 25 என்பார்கள். கண் புண்ணைப் பெரிதாகக் காட்டும். பருவம் தொடங்கும் முன் குழுவில் எல்லோரும் ஒரே 20 செடிக்குத் தனித்தனியாக மதிப்பெண் போட்டு ஒப்பிட வேண்டும். இரண்டு படிக்கு மேல் வித்தியாசம் வந்தால் மறுபடியும் பார்க்க வேண்டும். இப்படிச் செய்யாத திட்டத்தில் நவம்பர் ஏட்டையும் ஜனவரி ஏட்டையும் சேர்த்துப் பார்த்தால் நோய் கூடியதா, ஆள் மாறியதா என்று சொல்ல முடியாது.

கணக்கு எளிது. 50 இலைக்குப் போட்ட மதிப்பெண் கூட்டுத்தொகை 130 என்றால், அதை 100-ஆல் பெருக்கி, 50-ஐ 9-ஆல் பெருக்கிய 450-ஆல் வகுக்க வேண்டும். 28.9 சதவீதம். நேர்காணலில் இதைக் கேட்பார்கள்.

இங்கே நடக்கும் தவறுகளில் முதலிடம் தார்ச்சாலை ஓரத்து வயல். வண்டியை நிறுத்த வசதி என்று அதையே எடுத்தால், மாவட்டத்துக் கணக்கு சாலையோரத்துக் கணக்காகிவிடும். அடுத்தது, ஊர்க்காரர்கள் காட்டும் வயல். நோய் ஆய்வுக்கு வந்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும் இருப்பதிலேயே மோசமான கழனிக்குத்தான் அழைத்துப் போவார்கள். அவர்கள் நல்ல மனதோடு செய்வது அது. அதைப் பார்த்துப் பேசிவிட்டு, பட்டியலில் உள்ள வயலுக்குப் போக வேண்டும். நோயே இல்லாத வயலையும் 0 என்று எழுத வேண்டும். சுழி இல்லாத ஏடு ஆய்வுக்கு உதவாது.

மூன்றாவது, நோயல்லாததை நோய் என்பது. நெல் இலை நுனி காய்வது சாம்பல்சத்துக் குறைவாலும் வரும், பாக்டீரியா இலைக்கருகலாலும் வரும். இலையைக் குறுக்கே வெட்டி, வெட்டுமுனையைத் தெளிந்த தண்ணீருள்ள கண்ணாடி டம்ளரில் வைத்தால், பாக்டீரியாவாக இருந்தால் சில நிமிடத்தில் பால் போன்ற இழை இறங்கும். முந்திரியில் துளிர் காய்ந்திருந்தால் உடனே பூஞ்சாணம் என்று எழுதக்கூடாது. தேயிலைக் கொசு என்று பெயர் பெற்ற நாவாய்ப்பூச்சி உறிஞ்சிய இடமும் அப்படித்தான் கறுத்துக் காயும். கொசு குத்திய இடத்தில் பிறகு பூஞ்சாணமும் ஏறும். இரண்டையும் தனித்தனிப் பத்தியில் எழுத ஏட்டில் இடம் இருக்க வேண்டும்.

மாதிரி எடுக்க காகித உறைதான். பிளாஸ்டிக் பையில் போட்டால் மாலைக்குள் வேர்த்து, வேறு பூஞ்சாணம் ஏறிவிடும். உறை மேல் பென்சிலில் எழுதுங்கள், பேனா மை மழையில் கரையும். கத்தரிக்கோலை ஒவ்வொரு வயலுக்கும் 70 சதவீத ஆல்கஹாலில் துடையுங்கள். பனி காயாத நேரத்தில் வயலில் நடந்தால் கால்சட்டையே பாக்டீரியாவை அடுத்த வயலுக்குக் கொண்டுபோகும். அதே சமயம், பாக்டீரியாக் கசிவு மணிமணியாகத் தெரிவதும் அதிகாலையில்தான். ஆகவே கசிவு பார்க்க வேண்டிய வயலை அன்றைய கடைசி வயலாக வைக்காமல், அதிகாலையில் அந்த ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு, உடையையும் செருப்பையும் கழுவிக்கொண்டு, எட்டு எட்டரைக்கு மேல் மற்றவற்றுக்குப் போகலாம்.

உழவர்கள் மருந்து கேட்பார்கள். 'என்ன அடிக்கட்டும் தம்பி?' என்று கேட்கும்போது ஒன்றும் சொல்லாமல் வர மனம் வராது. ஆனால் கணக்கெடுப்பவர் மருந்து சொல்லக்கூடாது. சொன்னால் அடுத்த சுற்றில் அந்த வயல் உங்கள் பேச்சால் மாறிய வயலாகிவிடும். தவறாகச் சொன்னால் அவருடைய காசு போகும். உதவி வேளாண் அலுவலரின் எண்ணையும் வேளாண் அறிவியல் நிலையத்தின் எண்ணையும் எழுதி வைத்துக்கொண்டு கொடுத்துவிடுங்கள். ஆய்வு முடிந்ததும் அந்த ஊருக்கு முடிவைச் சொல்ல வருவீர்களா என்று திட்டத் தலைவரிடம் கேளுங்கள். வருடம் வருடம் கழனியைத் திறந்துவிடுபவர்களுக்கு அது ஒரு கடன்.

மறைந்த செலவில் பெட்ரோலை ஏற்கெனவே சொல்லியாயிற்று. அடுத்தது தாமதம். திட்ட நிதி ஆண்டுத் தவணையாக வரும். வந்த பணம் செலவான கணக்கைக் காட்டும் பயன்பாட்டுச் சான்று போய், அடுத்த தவணை வரும்வரை சம்பளம் நிற்கும். இரண்டு மாதம் தாங்கக் கையில் பணம் இல்லாதவர்கள் இதை எடுக்கும் முன் நன்றாக யோசிக்க வேண்டும். பெண்கள் இந்த வேலையில் சந்திக்கும் கஷ்டம் கழிப்பறைதான். காலை ஆறு முதல் மதியம் இரண்டு வரை தண்ணீர் குடிக்காமல் இருந்து சிறுநீர்த் தொற்று வாங்கிக்கொள்கிறார்கள். வழித்தடத்தில் எந்தப் பள்ளி, எந்தப் பஞ்சாயத்து அலுவலகத்தில் நிற்கலாம் என்று முன்கூட்டியே வகுத்துத் தரும் திட்டமா, இருவராக அனுப்புகிறார்களா என்று கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. தனியாக அனுப்பும் திட்டத்தை எவ்வளவு சம்பளம் கொடுத்தாலும் விட்டுவிடுங்கள்.

## கோயில்காடும் அலையாத்தியும்

காட்டு மரத்துக்கு நோய் வந்தால் யாருக்கு என்ன என்று கேட்பவர்கள் உண்டு. ஒரே இன மரக்கன்றுகள் தாய்மரத்தடியில் நெருங்கி முளைக்கும்போது, அந்த இனத்துக்கே உரிய பூஞ்சாணமும் பூச்சியும் அவற்றை அழித்து, வேற்று இனக் கன்றுகளுக்கு இடம் விடுகின்றன என்று சூழலியலாளர்கள் ஜான்சென் 1970-லும் கானல் 1971-லும் முன்வைத்த கருத்துதான் இந்த ஆய்வுகளின் அடிப்படை. காட்டில் ஏன் ஒரே மரம் நிறைந்துவிடவில்லை என்பதற்கு நோயும் ஒரு காரணம்.

புத்துப்பட்டு, திருமாணிக்குழி போன்ற ஊர்களில் மிஞ்சியிருக்கும் வறண்ட பசுமைமாறாக் காட்டுத் துண்டுகளில் காசா, வீரை, காட்டு எலுமிச்சை போன்றவை நெருக்கமாக வளரும். பத்து மீட்டர் சதுரங்களாகப் பிரித்து, 1.3 மீட்டர் உயரத்தில் சுற்றளவு அளந்து, மரத்துக்கு எண் கட்டுவார்கள். தரையில் ஒரு மீட்டர் சதுரத்தில் ஒவ்வொரு கன்றுக்கும் அலுமினியத் தகட்டு எண். மழைக்குப் பின் முளைத்தவற்றில் எவை அடியழுகிச் சாய்கின்றன, எவை கோடையில் காய்ந்து சாகின்றன என்று பிரித்து எழுத வேண்டும். இரண்டையும் பிரிக்க வேண்டுமானால் பதினைந்து நாளுக்கு ஒருமுறையாவது போக வேண்டும். மாதம் ஒருமுறை போனால் கன்று இருந்த இடத்தில் தகடு மட்டும்தான் இருக்கும், எதனால் செத்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

இந்த வேலையில் இனம் காணும் பயிற்சி வேறெங்கும் கிடைக்காது. 1955-ல் தொடங்கிய புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் உலர்தாவரத் தொகுப்பு பக்கத்திலேயே இருப்பது பெரிய வசதி. ஆனால் இடங்கள் குறைவு. பிச்சாவரத்துக்கு வனத்துறை அனுமதி வேண்டும், அது வரும்வரை காத்திருக்க வேண்டும். கோயில்காட்டில் அறங்காவலர், ஊர்ப் பெரியவர்கள் ஒப்புதல் வேண்டும். செருப்பைக் கழற்றச் சொல்லும் எல்லைக்குள் கழற்றித்தான் ஆக வேண்டும்.

காய்ச்சல்தான் இங்கே பெரிய அபாயம். புதர்க்காட்டில் உட்கார்ந்து வேலை செய்பவர்களுக்கு, குறிப்பாக மழைக்குப் பிந்தைய குளிர் மாதங்களில், ஸ்க்ரப் டைபஸ் வரும். சிறு பூச்சி கடித்த இடத்தில் சிகரெட் சுட்டது போன்ற கறுத்த பொருக்கு இருக்கும், வலிக்காது. அக்குள், இடுப்பு, தொடையிடுக்கில் தேடிப் பார்க்க வேண்டும். காய்ச்சலோடு போனால் 'நான் காட்டில் வேலை செய்கிறேன்' என்று மருத்துவரிடம் சொல்லுங்கள். டாக்சிசைக்ளினை நேரத்தில் தொடங்கினால் குணமாகும். தள்ளிப்போட்டால் உயிருக்கே ஆபத்து. இதே எச்சரிக்கை நெல் வயலில் எலிக்காய்ச்சலுக்கும் பொருந்தும். காலில் வெட்டுக்காயம் இருந்தால் தேங்கிய நீரில் இறங்க வேண்டாம்.

## தனியார் சோதனை வயல்

சம்பளம் தேதிக்கு வரும், பேட்டா தனி, வண்டிக்குக் கிலோமீட்டர் கணக்கும் பெரும்பாலும் உண்டு. குடும்பத்துக்கு மாதாமாதம் பணம் தர வேண்டியவர்களுக்கு இது நியாயமான தேர்வு, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஏழெட்டு மருந்து அளவுகளை, ஒவ்வொன்றும் மூன்று முறை திரும்ப வருமாறு, வயலில் வரிசை கலைத்து அமைத்து, ஏக்கருக்குச் சுமார் 200 லிட்டர் தண்ணீர் கணக்கில் கைத்தெளிப்பானால் அடித்து, முன்னும் பின்னும் மதிப்பெண் போடுவது வேலை. நாசிலின் வெளியேற்றத்தையும் நடை வேகத்தையும் சரிபார்க்கும் பழக்கம் கைவந்துவிடும். அது எங்கே போனாலும் உதவும்.

இரண்டைக் கவனியுங்கள். பெயரில்லாமல் எண் மட்டும் ஒட்டிய மருந்து கையில் தருவார்கள். மேலே பட்டால் எந்த மருத்துவரும் 'என்ன மருந்து?' என்றுதான் முதலில் கேட்பார். அவசரத்தில் அந்தப் பெயரைச் சொல்ல யாரை அழைப்பது என்ற எண் உங்களிடம் இருக்க வேண்டும். கையுறை, முகக்கவசம், கண்ணாடி, மாற்றுடை தருகிறார்களா என்று பாருங்கள். தெளித்த வயலுக்குள் மறுநாளே மதிப்பெண் போட அனுப்பக்கூடாது.

இரண்டாவது, 'களச் சோதனை உதவியாளர்' என்று எடுத்துவிட்டு, பாதி நாள் உழவர் கூட்டம் போட்டு மருந்து விற்கச் சொல்வது. நேர்காணலில் மாத இலக்கு இருக்கிறதா என்று ஒரே கேள்வி கேளுங்கள். இலக்கு இருந்தால் அது விற்பனை வேலை. எடுக்கலாம், ஆனால் ஆய்வு அனுபவம் என்று எண்ணி எடுக்காதீர்கள். தரவு கம்பெனியுடையது, கட்டுரையாக வராது, உங்கள் பெயர் எங்கும் இருக்காது. ஏஜென்சி வழி சேர்ந்தால் சான்று ஏஜென்சி பெயரில் வரும். வருங்கால வைப்பு நிதி பிடிக்கிறார்களா என்று முதல் மாதச் சம்பளச் சீட்டிலேயே பார்த்துவிடுங்கள்.

## யார் எதை எடுப்பது

முதுநிலை பயிர் நோயியல் படிக்க நினைப்பவருக்கு நிலையமோ கணக்கெடுப்போ. இரண்டும் கிடைத்து, வண்டியும் இரண்டு மாதம் தாங்கும் பணமும் இருந்தால் கணக்கெடுப்பைத்தான் சொல்வோம். ஒரு பருவத்தில் அத்தனை வயலை வேறெந்த வேலையிலும் பார்க்க முடியாது. வண்டி இல்லையென்றால் நிலையம். பேருந்து நிறுத்தத்திலிருந்து நாலு கிலோமீட்டர் நடந்து கணக்கெடுப்பது ஒரு வாரத்துக்கு மேல் ஓடாது.

தாவரவியல் பட்டதாரிக்கு, சூழலியல் பக்கம் போகும் எண்ணம் உறுதியாக இருந்தால் மட்டும் காடு. அது மெதுவான வேலை. ஒரு பருவத்தில் முடிவு எதுவும் கண்ணுக்குத் தெரியாது. வேளாண் பட்டயம் முடித்து வேலைக்கே போக வேண்டியவருக்குத் தனியார், இலக்கு இல்லாத பட்சத்தில்.

பருவங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் மோதுவதில்லை என்பதையும் பயன்படுத்திக்கொள்ளலாம். ஆடிப்பட்ட மணிலா ஆகஸ்டிலிருந்து அக்டோபர். தை, மாசியில் நட்ட கரும்பில் நோய் செலுத்துவது ஆகஸ்ட், செப்டம்பர், பிளப்பது அக்டோபர், நவம்பர். சம்பா நெல் நவம்பரிலிருந்து ஜனவரி. உளுந்து பிப்ரவரி, மார்ச். நிலையத்தில் மணிலா முடித்துவிட்டு நெல் கணக்கெடுப்பில் சேர்ந்தால் ஒரே ஆண்டில் ஆழமும் அகலமும் கிடைக்கும். கரும்பை எடுத்தால் மட்டும் நடுவில் விடாதீர்கள். செலுத்திய கையும் பிளந்து பார்க்கும் கண்ணும் ஒன்றாக இருந்தால்தான் அடைப்பு எங்கே பிசகியது என்று தெரியும்.

புயலுக்கும் ஒப்பந்தத்தில் இடம் வேண்டும். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறி முந்திரியையும் பலாவையும் சாய்த்தது. 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்து, தென்பெண்ணை வெள்ளம் வயல்களை மூடியது. இப்படி நேர்ந்தால் சோதனை வயலே போய்விடும். அந்த மாதச் சம்பளம் உண்டா, தரவு உள்ளிடும் வேலைக்கு மாற்றுவார்களா, வேலை அத்தோடு முடிந்ததா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்வார்த்தையாக 'பார்த்துக்கலாம்' என்று சொல்பவர் நல்லவராகவே இருக்கலாம், ஆனால் நிதியை விடுவிப்பவர் அவராக இருப்பதில்லை. பணியாணையின் நகலையும் நீங்கள் எழுதிய கள ஏட்டின் படங்களையும் அன்றன்றே உங்கள் மின்னஞ்சலுக்கு அனுப்பி வையுங்கள். கம்பெனி வேலையில் ஏட்டை வெளியே அனுப்பத் தடை இருக்கும், அங்கே பணியாணை மட்டும் போதும்.